ஆறு நகரங்கள் ஒன்றான கதை

1997 ஏப்ரல் 2ஆம் திகதி ஒன்ராறியோ சட்டசபையில் ஒரு தெருவின் பெயர் வாசிக்கப்பட்டது. ஏபிவுட் ட்ரெயில். அந்தத் தெருவில் வசிப்பவர்களை அழைத்துப் பகிரங்க விசாரணை நடத்தவேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவரப்பட்டிருந்தது. வாக்கெடுப்பு நடந்தது, அரசாங்கக் கட்சி அதைத் தோற்கடித்தது. உடனே அகரவரிசையில் அடுத்த தெரு. பிறகு அதற்கடுத்த தெரு. ஒவ்வொன்றுக்கும் தனித் திருத்தம், தனி வாசிப்பு, தனி வாக்கெடுப்பு. சபை இரவு பகலாக நடந்தது. உறுப்பினர்கள் முறை வைத்துக்கொண்டு வந்து இருந்தார்கள், போய்ப் படுத்தார்கள், திரும்பி வந்தார்கள்.

புதிய ஜனநாயகக் கட்சி இப்படி 11,500 திருத்தங்களைக் கொடுத்திருந்தது. தெருப் பட்டியலையும் ஒரே வாசகத்தையும் கணினியில் பொருத்தி அச்சிட்டு எடுத்தவை. லிபரல் கட்சியும் தன் பங்குக்குத் திருத்தங்களோடு சேர்ந்துகொண்டது. சட்டத்தை வெல்ல முடியாது என்று இரண்டு கட்சிகளுக்கும் தெரியும். பெரும்பான்மை அரசாங்கத்தின் கையில் இருந்தது. நேரத்தை மட்டும்தான் அவர்களால் பறிக்க முடிந்தது.

அவர்கள் இழுத்தடித்தது 103ஆம் இலக்கச் சட்டமூலம். ரொறன்ரோ, நோர்த் யோர்க், ஸ்காபரோ, எற்றோபிக்கோ, யோர்க், ஈஸ்ட் யோர்க் என்ற ஆறு நகராட்சிகளையும், அவற்றுக்கு மேலே இருந்த பெருநகர சபையையும் கலைத்துவிட்டு, ஏறத்தாழ 24 லட்சம் பேருக்கு ஒரே மாநகரசபை என்பதுதான் அந்தச் சட்டம். 'மெகாசிற்றி' என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன.

இன்று ஸ்காபரோவில் வீடு வாங்கி இருக்கிற தமிழர்கள் பலருக்கு, ஸ்காபரோ ஒரு காலத்தில் தனக்கென்று மேயரும் சபையும் வரவு செலவுத் திட்டமும் வைத்திருந்த நகரம் என்பது தெரியாது. "எங்க இருக்கிறியள்?" என்று கேட்டால் "ஸ்காபரோவில" என்றுதான் இப்போதும் சொல்கிறோம். சட்டத்தின் கண்ணில் அப்படி ஒரு நகரம் 1998 ஜனவரி 1இலிருந்து இல்லை.

இரண்டு தட்டு ஆட்சி

இந்த இணைப்பு வெறும் நிலத்தில் வந்து இறங்கியதல்ல. 1953இல் ஒன்ராறியோ முதல்வர் லெஸ்லி ஃப்ரொஸ்ற், ரொறன்ரோவையும் அதைச் சுற்றியிருந்த 12 சிறு நகராட்சிகளையும் ஒரு பெருநகர சபையின் கீழ் கொண்டுவந்தார். போருக்குப் பிறகு புறநகரங்களில் வீடுகள் மளமளவென்று எழும்பின. ஆனால் குழாய்த் தண்ணீருக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் பள்ளிக்கூடத்துக்கும் அந்த நகராட்சிகளிடம் காசு இல்லை. வரி வருமானம் பழைய ரொறன்ரோவில் இருந்தது, தேவை வெளியே இருந்தது. எனவே பெரிய செலவுகளைப் பொதுவில் போட்டார்கள். தண்ணீர், பெருந்தெரு, போக்குவரத்து, பின்னர் பொலிஸ் எல்லாம் மேல்தட்டுக்குப் போயின. குப்பை, பூங்கா, தீயணைப்பு, கட்டட அனுமதி போன்றவை உள்ளூரில் நின்றன. முதல் தலைவர் ஃப்ரெட்ரிக் கார்டினர். ஏரிக்கரையோரம் ஓடுகிற அதிவேகச் சாலைக்கு இவருடைய பெயர்தான்.

1967இல் மாகாண அரசு 13ஐ ஆறாகக் குறைத்தது. மிமிக்கோ, லீசைட், வெஸ்ரன், ஃபொரஸ்ற் ஹில் போன்ற சிறு நகராட்சிகள் அப்போதுதான் மறைந்தன. அதுவும் மேலிருந்து வந்த முடிவுதான். ஆனால் 1997இல் எழுந்த அளவு கோபம் அதைச் சுற்றித் தங்கவில்லை. மாகாணம் கைவைத்த ஒவ்வொரு தடவையும் சனம் தெருவுக்கு வந்ததில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 1953 ஏற்பாடு சுமையைப் பொதுவாக்கியது, அதேநேரம் வீட்டுக்குக் கிட்ட இருந்த சபைகளை விட்டுவைத்தது. அந்த இரண்டும் சேர்ந்து இருந்ததால்தான் நாற்பது வருடம் வெளிநாட்டு நகரத் திட்டமிடலாளர்களும் அதை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

1990களில் அந்த ஏற்பாடு தேய்ந்துபோயிருந்தது. வளர்ச்சி எல்லைக்கு வெளியே, மிசிசாகா, பிரம்டன், மார்க்கம் பக்கம் போய்விட்டது. பெருநகர சபையின் எல்லையோ ஸ்டீல்ஸ் வீதியோடு நின்றது. 1996 ஜனவரியில் ஆன் கோல்டன் தலைமையிலான பணிக்குழு அறிக்கை கொடுத்தது. அவர்கள் சொன்னது இதுதான்: பிரதேச சபைகளைக் கலைத்துவிட்டுப் பெரும்பாக ரொறன்ரோ முழுவதற்கும் ஒரு பிராந்திய அமைப்பை உருவாக்குங்கள், உள்ளூர் நகராட்சிகளை அப்படியே வைத்திருங்கள். மேலே அகலமாக, கீழே கிட்டத்தில்.

அரசாங்கம் செய்தது இதற்கு நேர்மாறு. எல்லையை விரிக்கவில்லை. எல்லைக்குள் இருந்தவர்களைக் கரைத்தது.

காசுக் கணக்கு

முதல்வர் மைக் ஹாரிஸ் 1995இல் செலவுக் குறைப்பையும் வரிக் குறைப்பையும் சொல்லி ஆட்சிக்கு வந்தவர். ஆறு நகரங்களை ஒன்றாக்குவது அவருடைய தேர்தல் அறிக்கையில் இருக்கவில்லை. 1996 டிசம்பர் 17ஆம் திகதி நகராட்சி அமைச்சர் அல் லீச் சட்டமூலத்தைச் சமர்ப்பித்தார். ஒரே ஊருக்கு ஏன் ஆறு மேயர், ஆறு தீயணைப்புப் படை, ஆறு திட்டமிடல் அலுவலகம் என்பது வாதம். கேட்கிற யாருக்கும் நியாயமாகத்தான் படும். அரசாங்கம் எடுத்த கேபிஎம்ஜி நிறுவன அறிக்கை ஆண்டுக்கு 30 கோடி டாலர் வரை மிச்சமாகலாம் என்றது.

அடுத்த மாதமே இன்னொரு அறிவிப்பு வந்தது. பள்ளிக்கூடச் செலவில் பெரும்பகுதியை மாகாணம் ஏற்கும். பதிலுக்குப் பொதுவீடமைப்பு, சமூக உதவி, போக்குவரத்து போன்றவற்றின் பாரம் நகராட்சிகளின் தலையில் விழும். ஏழைகள் கூடுதலாக வாழ்கிற நகரத்துக்கு இது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. இணைப்பை எதிர்த்தவர்களில் பலர் இந்த இரண்டையும் ஒரே சதியின் இரு கைகளாகப் பார்த்தார்கள். நடு நகரத்தின் இடதுசாரிச் சார்புள்ள சபையைப் புறநகர வாக்குகளுக்குள் மூழ்கடிப்பதுதான் நோக்கம் என்று வெளிப்படையாகவே குற்றம் சாட்டினார்கள்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. பழைய ரொறன்ரோவில் வீட்டு மதிப்பீடு பல தசாப்தங்களாகப் புதுப்பிக்கப்படவில்லை. நடு நகரில் விலை ஏறிப்போன வீட்டுக்காரர், புறநகரில் அதே பெறுமதியுள்ள வீட்டுக்காரரைவிடக் குறைந்த வரி கட்டுகிற நிலை இருந்தது. "எங்கள் நகரத்தைத் தொடாதே" என்ற குரலுக்குள் "எங்கள் வரியைத் தொடாதே" என்ற குரலும் இருந்தது. உள்ளூராட்சி என்ற சொல் எப்போதும் ஏழைகளின் பக்கம் நிற்பதில்லை.

தெருவும் சபையும்

எதிர்ப்பைத் திரட்டியவர்களில் முன்னுக்கு நின்றவர் 1978 முதல் 1980 வரை ரொறன்ரோ மேயராக இருந்த ஜோன் சூவெல். உள்ளூர் ஜனநாயகத்துக்கான குடிமக்கள் என்ற அமைப்பு கிழமைக்குக் கிழமை கூட்டம் கூடியது. நகரங்களைப் பற்றி உலகமே படித்த ஜேன் ஜேக்கப்ஸ், 1968இல் அமெரிக்காவை விட்டு ரொறன்ரோவில் வந்து குடியேறியவர், இணைப்புக்கு எதிராகப் பேசினார். பிப்ரவரியில் யங் வீதி வழியாக ஓர் ஊர்வலம் போனது. 1837இல் அதே வீதியால் கிளர்ச்சிப் படையோடு இறங்கிய வில்லியம் லயன் மெக்கன்சியின் வேடத்தில் ஒருவர் முன்னால் நடந்தார். மெக்கன்சி 1834இல் ரொறன்ரோவின் முதல் மேயர். அந்தக் கிளர்ச்சி தோற்றது என்பது ஊர்வலம் போன எல்லாருக்கும் தெரியும்.

ஆறு நகராட்சிகளும் மார்ச் 3ஆம் திகதியோடு முடிகிற மாதிரி மக்கள் வாக்கெடுப்பு நடத்தின. 76 சதவீதம் அளவில் 'வேண்டாம்' என்றார்கள். சில இடங்களில் தபால் வாக்கு, சில இடங்களில் தொலைபேசி வாக்கு. முறை ஒழுங்காக இல்லை என்று அரசாங்கம் தட்டிக்கழித்தது. முறை சரியாக இருந்திருந்தாலும் சட்டப்படி அந்த முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது.

மேயர்களும் ஒரே குரலில் பேசவில்லை. எற்றோபிக்கோ மேயர் டக் ஹொலிடே இணைப்பை ஆதரித்தார். ஈஸ்ட் யோர்க் மேயர் மைக்கேல் புரூ கடைசிவரை எதிர்த்தார். நோர்த் யோர்க்கை 1973 முதல் ஆண்ட மெல் லாஸ்ற்மனும் எதிர்த்தார். ஆனால் 1997 நவம்பர் 10 தேர்தலில் ரொறன்ரோ மேயர் பார்பரா ஹோலைத் தோற்கடித்து, தான் எதிர்த்த மாநகரத்துக்கே முதல் மேயரானார்.

அதற்கு முன்னர்தான் ஏப்ரல் மாதத் தெருப் பட்டியல். ஏப்ரல் 4ஆம் திகதி, தூக்கக் கலக்கத்தில் அரசாங்க உறுப்பினர்கள் ஒரு திருத்தத்தைத் தவறுதலாக நிறைவேற விட்டுவிட்டார்கள். எற்றோபிக்கோவில் கஃபோன் கோர்ட் என்ற சின்னஞ்சிறு தெருவில் இருந்த சில குடும்பங்களுக்கு மட்டும், மெகாசிற்றி பற்றித் தங்களிடம் கருத்துக் கேட்கவேண்டும் என்ற உரிமை கிடைத்தது. அரசாங்கம் பிறகு இன்னொரு திருத்தம் போட்டு அதை இல்லாமல் செய்தது. ஆறாம் திகதி பட்டியல் 'ஈ' எழுத்தைக்கூடத் தாண்டாத நிலையில், ஒவ்வொரு திருத்தத்திலும் வருகிற ஒரேமாதிரியான 220 சொற்களையும் வாசிக்கத் தேவையில்லை, தெருப் பெயரை வாசித்தால் போதும் என்று சபாநாயகர் கிறிஸ் ஸ்ரொக்வெல் தீர்ப்பளித்தார். அப்படியும் கடைசித் தெருவான ஸோரா ஸ்ட்ரீட்டுக்கு வர எட்டாம் திகதி ஆகிவிட்டது. லிபரல் கட்சியின் திருத்தங்களும் முடிந்து சபை ஓய்ந்தது 11ஆம் திகதி. பத்து நாட்களுக்குப் பிறகு, ஏப்ரல் 21இல், சட்டம் நிறைவேறியது.

இதைப் பலர் வேடிக்கைக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அது அந்த விவாதம் முழுவதிலும் மிக நேர்மையான பத்து நாட்களாகப் படுகிறது. ஒரு நகரத்தைக் கலைக்கும்போது யாரிடம் கேட்கவேண்டும் என்ற கேள்விக்கு, தெருத் தெருவாகப் போய்க் கேட்கவேண்டும் என்று அந்தப் பட்டியல் பதில் சொன்னது. நடைமுறையில் முடியாத பதில்தான். ஆனால் யாரிடமும் கேட்கத் தேவையில்லை என்பதுதான் சட்டத்தின் பதிலாக இருந்தது.

மாகாணத்தின் பிள்ளை

நகராட்சிகள் நீதிமன்றம் போயின. 1997 ஜூலையில் நீதிபதி ஸ்ரீபன் போரின்ஸ் வழக்கைத் தள்ளுபடி செய்தார். சட்டம் புத்திசாலித்தனமானதா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்க முடியாது, மாகாணத்துக்கு அதிகாரம் உண்டா என்பதுதான் கேள்வி, அதிகாரம் உண்டு. மேன்முறையீட்டிலும் இதுவே நிலைத்தது.

காரணம் 1867ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 92(8) பிரிவு. நகராட்சி நிறுவனங்கள் மாகாணத்தின் தனி அதிகாரத்துக்குள் வருகின்றன. கனடாவின் கூட்டாட்சியைப் பற்றி நாங்கள் ஊரில் இருந்தவர்களுக்குப் பெருமையாகச் சொல்வோம். மத்திக்கும் மாகாணத்துக்கும் இடையில் அதிகாரம் பகிரப்பட்டிருக்கிறது, மத்தி நினைத்தபடி மாகாணத்தைக் கலைக்க முடியாது. உண்மைதான். ஆனால் அந்தப் பகிர்வு மாகாணத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே நகரம் என்பது மாகாணம் பெற்ற பிள்ளை. பிள்ளைக்குப் பெயர் வைக்கவும், இரண்டு பிள்ளைகளை ஒன்றாக்கவும் தகப்பனுக்கு முழு உரிமை.

ரொறன்ரோ மட்டுமல்ல. 1996இல் 815 ஆக இருந்த ஒன்ராறியோ நகராட்சிகள் 2001இல் 447 ஆகச் சுருங்கின. ஒட்டாவாவும் ஹமில்ரனும் 2001இல் இதே வழியால் போயின. அதே ஆண்டு இணைக்கப்பட்ட கவார்த்தா லேக்ஸில் 2003இல் வாக்கெடுப்பு வைத்தார்கள். சிறு வித்தியாசத்தில் பெரும்பான்மை 'பிரித்துவிடுங்கள்' என்றது. புதிய லிபரல் அரசாங்கம் மறுத்துவிட்டது. கியூபெக்கில் வேறு கதை. மொன்றியல் தீவின் நகராட்சிகள் 2002இல் கட்டாயமாக ஒன்றாக்கப்பட்டன. ஆட்சி மாறியபின் 2004 ஜூனில் வாக்கெடுப்பு நடந்தது, 15 நகராட்சிகள் 2006இல் திரும்பவும் தனியாகின. அவற்றில் பல ஆங்கிலம் பேசுகிறவர்கள் செறிந்து வாழும் இடங்கள். தங்கள் மொழியில் நகராட்சிச் சேவை பெறுகிற உரிமை பெரிய நகரத்துக்குள் கரைந்துபோகும் என்ற பயம் அங்கே இருந்தது. மொழிச் சிறுபான்மைக்கு உள்ளூர்ச் சபை ஏன் முக்கியம் என்பதை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

மிச்சம் வந்ததா?

சொன்ன மிச்சம் சொன்னபடி வரவில்லை. அதன் பொறிமுறை எளிது. பொலிஸ், போக்குவரத்து, சமூக உதவி போன்ற பெரிய செலவுகள் இணைப்புக்கு முன்னரே பெருநகர சபையிடம் ஒன்றாகத்தான் இருந்தன. புதிதாக ஒன்றாக்க மீதியிருந்தது சிறு பகுதி. அந்தப் பகுதியில் ஆறு வகைச் சம்பளம் இருந்தது. ஒரே வேலை செய்கிற ஆறு பேரில் ஐந்து பேரின் சம்பளத்தை யாரும் கீழே இறக்க மாட்டார்கள், எல்லாரும் மேலே இருக்கிறவரை நோக்கித்தான் ஏறுவார்கள். சேவைகளும் அப்படியே. ஒரு நகரத்தில் இலவசமாக இருந்ததை மற்ற ஐந்திலும் கேட்டார்கள். எனிட் ஸ்லாக் போன்ற நகராட்சி நிதி ஆய்வாளர்கள் பின்னர் கணக்குப் பார்த்தபோது, செலவு குறைந்தது என்ற வாதம் நிற்கவில்லை.

அதே ஆய்வாளர்கள் இன்னொன்றையும் சொன்னார்கள். வரிச்சுமை நியாயமாகப் பரவியது, வசதி குறைந்த பகுதிகளுக்கும் சேவை ஒரே தரத்துக்கு வந்தது. ஏழு நூலகத் தொகுதிகள் ஒன்றாகி இன்றைய ரொறன்ரோ பொது நூலகம் ஆனது. ஸ்காபரோக் கிளைகளில் தமிழ்ப் புத்தகம் எடுக்கிற எவரும் அதைக் குறைசொல்ல மாட்டார்கள். மிச்சம் பிடிக்கப் போய்ச் சமத்துவம் கொஞ்சம் வந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இழந்தது வேறொன்று. ஈஸ்ட் யோர்க்கில் 1996இல் 1,07,822 பேர். அவர்களுக்கென்று ஒரு மேயர், ஒரு சபை. புதிய மாநகரசபையில் முதலில் அவர்களுக்கு இரண்டு உறுப்பினர்கள், எதிர்ப்புக்குப் பிறகு மூன்று. ஸ்காபரோவின் கணக்கு இன்னும் தெளிவானது. 1996இல் 5,58,960 பேர். 1997 தேர்தலில் 12 மாநகரசபை உறுப்பினர்கள். 2000இல் 10. 2018இல் 6. அதற்குள் சனத்தொகை ஆறு லட்சத்து முப்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஓர் உறுப்பினருக்கு 46,000 பேர் என்று இருந்தது, ஒரு லட்சத்துக்கு மேல் போய்விட்டது.

எங்கட ஆக்கள் எங்கே நின்றார்கள்?

1983க்குப் பிறகு வந்த ஈழத்தமிழர் பலர் முதலில் நடு நகரில் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில் இருந்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஸ்காபரோவுக்கு நகர்ந்தார்கள். மெகாசிற்றி விவாதம் உச்சத்தில் நின்ற மாதங்களில் அகதி விசாரணை, வேலை, ஊரில் நடக்கிற போர், இதற்குள்தான் பெரும்பாலானவர்களின் கவனம் இருந்தது. ஒன்ராறியோவில் நகரசபைத் தேர்தலில் வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும், அது அப்போது பலரிடம் இல்லை. "ஆறு மேயர் இருந்தா என்ன, ஒரு மேயர் இருந்தா என்ன?" என்று கேட்பதற்கும் ஓர் ஓய்வு வேண்டும்.

ஆனால் விளைவு எங்களைத் தொட்டது. புதிதாக வந்த சமூகம் அரசியலுக்குள் நுழைகிற முதல் படி பெரும்பாலும் உள்ளூர்ச் சபைதான். அங்கே தேர்தல் செலவு குறைவு. கட்சி தேவையில்லை. ஒரு கோயில், ஒரு விளையாட்டுக் கழகம், நாலு தெரு தெரிந்தால் தொடங்கலாம். மார்க்கம் நகரம் பெருநகர எல்லைக்கு வெளியே இருந்ததால் இணைப்பில் அகப்படவில்லை. அங்கே 2006இலேயே லோகன் கணபதி நகரசபைக்குத் தெரிவானார். மார்க்கத்தைவிடக் கூடுதல் தமிழர் வாழ்ந்த ரொறன்ரோவில் ஒரு தமிழர் மாநகரசபைக்குள் போக 2017 பெப்ரவரி இடைத்தேர்தல் வரை காத்திருக்கவேண்டியிருந்தது. ஸ்காபரோ ரூஜ் ரிவரில் நீதன் சண் வென்றார்.

இதற்கு இணைப்பு மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. வேட்பாளர், நேரம், பழைய உறுப்பினர் போட்டியிடுகிறாரா என்று பல காரணங்கள் உண்டு. ஆனாலும் ஒரு லட்சம் பேருள்ள வட்டாரத்தில் கதவு தட்டுவதும் நாற்பதாயிரம் பேருள்ள வட்டாரத்தில் கதவு தட்டுவதும் ஒன்றல்ல என்பது தேர்தல் வேலை செய்த யாருக்கும் தெரியும்.

மறுபடியும் 2018

நீதன் சண் பதவிக்கு வந்து ஒன்றரை வருடத்துக்குள் அது நடந்தது. 2006இல் நிறைவேறிய ரொறன்ரோ நகரச் சட்டம் மாநகரத்துக்குச் சில கூடுதல் அதிகாரங்களைக் கொடுத்திருந்தது. அதன்படி தன் வட்டார எல்லைகளைத் தானே ஆராய்ந்து, 47 வட்டாரங்கள் என்று மாநகரம் முடிவு செய்திருந்தது. 2018 ஜூலை 27, வேட்புமனு முடிவடைகிற நாள். அன்று முதல்வர் டக் ஃபோர்ட் சபையை 25 ஆகக் குறைக்கப்போவதாக அறிவித்தார். பிரசாரம் தொடங்கி மாதங்கள் ஆகியிருந்தன. காரணம் பழையதுதான்: செலவு மிச்சம், வேகமான முடிவு.

செப்ரெம்பர் 10இல் நீதிபதி எட்வேர்ட் பெலொபாபா அந்தச் சட்டத்தை நிராகரித்தார். உரிமைச் சாசனத்தையே மீறிச் சட்டம் போட உதவும் 33ஆம் பிரிவைப் பயன்படுத்துவேன் என்று ஃபோர்ட் எச்சரித்தார். அதற்குள் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை இடைநிறுத்தியது, தேர்தல் 25 வட்டாரங்களோடு நடந்தது. 2021 ஒக்ரோபர் 1இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று மாகாணத்தின் பக்கம் நின்றது. பெரிதாக்கப்பட்ட ஸ்காபரோ ரூஜ் பார்க் வட்டாரத்தில் நீதன் சண் 154 வாக்குகளால் தோற்றிருந்தார். 2022இல் இன்னொரு சட்டம் வந்தது: மாகாணத்தின் முன்னுரிமைகளுக்கு ஏற்றதென்றால், சபையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களின் ஆதரவோடு மேயர் சில துணைச் சட்டங்களை நிறைவேற்றலாம். பெரும்பான்மை தேவையில்லை.

1997இல் எதிர்த்தவர்கள் தங்கள் ஆறு சிறு நகரங்களைக் காப்பாற்றப் போராடினார்கள். பெரியது நல்லதா சிறியது நல்லதா என்ற அந்த விவாதத்தில் இரண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை இருந்தது. 2018இல் அந்தக் கேள்வியே இல்லை, நகரத்தின் அளவு மாறவில்லை. மாறியது அதற்குள் பேசக்கூடியவர்களின் எண்ணிக்கை. இரண்டு தடவையும் ஒன்றுபோல் இருந்தது கத்தரிக்கோல் யார் கையில் என்பதுதான்.

இதை மாற்ற வழியே இல்லையென்று சொல்ல முடியாது. ஒரு மாகாணத்தை மட்டும் பாதிக்கிற அரசியலமைப்புத் திருத்தத்தை, மற்ற மாகாணங்களின் சம்மதம் இல்லாமல், அந்த மாகாணமும் கனடிய நாடாளுமன்றமும் சேர்ந்து 43ஆம் பிரிவின் கீழ் செய்யலாம். அப்படி ரொறன்ரோவுக்கு ஒரு சாசனம் வரவேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு முதலில் கையொப்பம் போடவேண்டியவர், அதிகாரத்தை இழக்கப்போகிற அதே மாகாணம். ஸ்காபரோவில் மாகாணத் தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் வைத்தியசாலையைப் பற்றிக் கேட்கிறோம், சுரங்க ரயிலைப் பற்றிக் கேட்கிறோம். 92(8) பிரிவைப் பற்றியும் ஒருக்கால் கேட்டுப் பார்க்கலாம்.